ஒரே கணினி, இரண்டு இயங்குதளங்கள்: ஒரு ப்ளஸ் ஒன் கட்டுரை உருவான விதம்

ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் வகுப்பில் நான் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்புதான்: "இரண்டு இயங்குதளங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக." மாநிலப் பாடநூலில் விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்தே வருவதால் பெரும்பாலும் எல்லோரும் அந்த ஜோடியையே எடுப்பார்கள். 2025 அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரை எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன். இதே தலைப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், திருத்த உட்காரும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதல் வடிவம்

நடுவில் கோடு போட்ட அட்டவணை. இடப்பக்கம் விண்டோஸ், வலப்பக்கம் லினக்ஸ். விண்டோஸ் எளிது, லினக்ஸ் கடினம். விண்டோஸுக்குக் காசு, லினக்ஸ் இலவசம். விண்டோஸ் மெதுவாக இயங்கும், லினக்ஸ் வேகமாக இயங்கும். விண்டோஸில் வைரஸ் வரும், லினக்ஸில் வைரஸே வராது. கடைசியில், "இரண்டும் அவரவர் தேவைக்கேற்பச் சிறந்தவை" என்று ஒரு வரி. கையெழுத்து அழகு, பிழை இல்லை.

"இதுல நீயே உட்கார்ந்து பார்த்தது எதும்மா?" என்று கேட்டேன்.

"எதுவும் இல்ல சார். எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க?"

அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. இந்த அட்டவணை ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் எந்த வரியையும் சரி என்றும் நிரூபிக்க முடியாது, தவறு என்றும் நிரூபிக்க முடியாது. யாருக்கு எளிது? எந்தக் கணினியில் வேகம்? எந்த வருஷத்து விண்டோஸ்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. ஒரே கேள்வியை, ஒரே சூழ்நிலையில், இரண்டிடமும் கேட்டால்தான் ஒப்பீடு. அப்புறம் இன்னொரு சிக்கல்: இடப்பக்கம் இருப்பது முழு இயங்குதளம். வலப்பக்கம் இருக்கும் 'லினக்ஸ்' வெறும் கெர்னல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உட்கரு மட்டும். அதன்மேல் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கோத்து நிறுவத் தயாராகக் கொடுப்பவை உபுண்டு, ஃபெடோரா போன்ற விநியோகங்கள். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் பட்டியலில் உள்ள எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. "லினக்ஸ் கடினம்" என்று எழுதினால் இவற்றில் எதைச் சொல்கிறோம்?

கேள்வி கிடைத்த இடம்

தலைப்பைச் சுருக்க வழி தேடியபோது விடை லேபிலேயே இருந்தது. எங்கள் லேப் கணினிகள் 6ஆம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க் கொண்டவை. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகள், ஓரிரண்டைத் தவிர, அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் நடுவழியில் நிற்கின்றன.

கட்டுரையின் கேள்வி இப்படி மாறியது: "எங்கள் லேபில் இருக்கும் இந்தக் கணினியை இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாகப் பயன்படுத்த விண்டோஸ் 10 நல்லதா, உபுண்டு 24.04 நல்லதா?" இரண்டு பக்கமும் பதிப்பு எண் வந்துவிட்டது. கணினி எது என்று சொல்லியாகிவிட்டது. "யாருக்கு" என்பதும் தெளிவு: சி++ செய்முறை போடும், தமிழில் ஆவணம் தட்டச்சு செய்யும் ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு.

பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டிப் பார்த்து எழுதிவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அறிமுகத்துக்கு அது போதும், வேகத்தை ஒப்பிட உதவாது. வட்டில் நிறுவிய விண்டோஸையும் பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டுவையும் வைத்து நேரம் பார்த்தால் நாம் அளப்பது பென்டிரைவைத்தான். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரே ஒரு கணினியில் மட்டும் வட்டைப் பிரித்து விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டுவையும் நிறுவினோம்.

அளந்தபோது நடந்தவை

இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆன் செய்ததிலிருந்து திரை தயாராகும்வரை எவ்வளவு நேரம் என்று முதலில் பார்த்தாள். விண்டோஸ் 10 முந்தியது. "லினக்ஸ்தானே வேகம்னு போட்டிருக்கு, இது எப்படி சார்?" என்று வந்து நின்றாள். அதே விண்டோஸை ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து அளக்கச் சொன்னேன். இப்போது நேரம் வெகுவாக நீண்டுவிட்டது. காரணம், 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பயனரின் நிரல்களை மூடிவிட்டு, கெர்னல் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைக்கிறது. மறுபடி ஆன் செய்யும்போது அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உபுண்டு ஷட் டவுனுக்குப் பிறகும் முதலிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் ரீஸ்டார்ட்டையும் ரீஸ்டார்ட்டையும் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால், "நடைமுறையில் காலையில் ஆன் செய்யும்போது எது முந்தும்" என்பதைத்தான் அளக்கிறோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அவள் இரண்டு அளவையும் தனித்தனியாகப் போட்டு, எது எதற்கு என்று விளக்கியும் எழுதினாள்.

இதே வசதி இன்னோர் இடத்திலும் தலைகாட்டியது. உபுண்டுவில் எடுத்த குறிப்பை விண்டோஸின் டி டிரைவில் சேமிக்கப் பார்த்தபோது எழுத விடவில்லை. முதலில் அதை "உபுண்டுவின் குறை" என்ற தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டாள். உண்மையில் அரைகுறையாக அணைந்த விண்டோஸ் அந்த டிரைவை இன்னும் தன் பிடியில் வைத்திருக்கிறது. அந்த நிலையில் வேறொரு இயங்குதளம் உள்ளே எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம் என்பதால் உபுண்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியதும் எழுத முடிந்தது. குறை என்று எழுதியிருந்த வரி, இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டைப் பகிரும்போது என்ன நடக்கிறது என்ற பத்தியாக வளர்ந்தது.

கடிகாரமும் குழப்பியது. உபுண்டுவில் வேலை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் இருந்தது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அங்கே உலகப் பொது நேரத்தை வைக்கும். நாம் அந்தப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அந்த வித்தியாசம்தான் திரையில் அப்படியே வந்து நின்றது. உபுண்டுவில் ஒரு கட்டளை கொடுத்து உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் சரியானது. எண்ணைப் பார்த்த உடனே, "சார், இது நம்ம ஊர் நேர வித்தியாசம்" என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நினைவகக் கணக்கிலும் பலர் தவறுவார்கள். உபுண்டுவில் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் காலியான ராம் மிகக் கொஞ்சமாகத் தெரியும். "எல்லாத்தையும் தின்னுடுச்சு" என்று எழுதிவிடத் தோன்றும். சும்மா கிடக்கும் ராமில் அண்மையில் படித்த கோப்புகளை லினக்ஸ் வைத்துக்கொள்ளும். யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதனால் பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' என்ற கடைசி நெடுவரிசையை. விண்டோஸும் இதே மாதிரிதான் செய்கிறது, அங்கே டாஸ்க் மேனேஜரில் பார்க்க வேண்டும். பிரவுசரில் அதே பக்கங்களைத் திறந்துவைத்து இரண்டையும் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 4 ஜிபியில் இரண்டுமே திணறின. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கே 4 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. "லினக்ஸ் என்றால் பழைய கணினியில் பறக்கும்" என்பது லுபுண்டு, எக்ஸ்உபுண்டு போன்ற இலகுவான வடிவங்களுக்குப் பொருந்தும். வழக்கமான உபுண்டுவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இந்த வரியைத் தன் வாக்கியத்தில், தன் அளவை முன்னால் வைத்து எழுதினாள்.

ஏன் இப்படி வேறுபடுகின்றன?

முதல் வடிவத்தில் வரலாறு ஒரு வரிதான்: விண்டோஸ் 1985, லினக்ஸ் 1991. இரண்டு தேதியும் சரி. ஆனால் 1985இல் வந்த விண்டோஸ், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின்மேல் போர்த்திய ஒரு போர்வை மாதிரி. இன்றைய விண்டோஸின் வேர் அதுவல்ல. டெக் என்ற கணினி நிறுவனத்திலிருந்து 1988இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்த டேவ் கட்லர் தலைமையில் புதிதாக எழுதப்பட்டு 1993இல் வெளியான விண்டோஸ் என்டிதான் வேர். வீட்டுக் கணினிகளுக்கு அந்த வழி வந்தது 2001இல், விண்டோஸ் எக்ஸ்பியோடு.

மறுபக்கம், 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக வளர்ந்தது. அதைப் போன்ற, ஆனால் யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய ஒரு சுதந்திர அமைப்பை உருவாக்கப்போவதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலை எழுதினார். உபுண்டு 2004இல் வந்தது, மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிக்கல் நிறுவனம் மூலம். அதன் அடித்தளம் டெபியன் என்ற இன்னொரு விநியோகம்.

இந்தத் தேதிகளை மனப்பாடப் பட்டியலாகக் கொடுத்தால் பயன் இல்லை. லேபில் கண்ணால் பார்த்த ஒன்றை விளக்கும்போதுதான் அவற்றுக்கு உயிர் வருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை அழிக்கச் சொன்னேன். விண்டோஸ், "இந்தக் கோப்பு திறந்திருக்கிறது" என்று மறுத்தது. உபுண்டுவில் கோப்பு பட்டியலிலிருந்து மறைந்தது, வீடியோ மட்டும் கடைசிவரை ஓடியது. யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. அழிப்பது பெயரை மட்டும்தான். ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பைப் பொதுவாகப் பூட்டிவைப்பது வழக்கம். அதனால்தான் அங்கே பயன்பாட்டில் இருக்கும் கோப்புகளை மாற்ற வேண்டிய புதுப்பிப்புகள் மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கின்றன. உபுண்டுவில் பல மென்பொருள்களை ஓடும்போதே மாற்ற முடிகிறது. கெர்னலே மாறினால் அங்கேயும் மறுதொடக்கம் வேண்டும். 45 நிமிடப் பாடவேளையில் புதுப்பிப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. அதற்கான காரணம் ஒரு சின்னச் சோதனையில் வெளிப்பட்டது.

விண்டோஸில் சி-ஓ-என் என்ற மூன்றெழுத்துப் பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது என்று பள்ளிப் பிள்ளைகளிடையே ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. பில் கேட்ஸைப் பற்றிய ஒரு புனைகதையும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். உண்மைக் காரணம், டாஸ் காலத்தில் அந்தப் பெயர் விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கருவியைக் குறிக்க ஒதுக்கப்பட்டது என்பதுதான். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறார்கள். உபுண்டுவில் அந்தப் பெயரில் ஃபோல்டரைச் சட்டென்று உருவாக்கிக் காட்டினாள். வகுப்பே கைதட்டியது.

வைரஸே வராது?

கேள்வியே பாதுகாப்பைப் பற்றியது என்பதால் இந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுக்கச் சொன்னேன்.

"வராது" என்ற சொல்லை நீக்கினோம். 2024 மார்ச்சில், பல லினக்ஸ் விநியோகங்கள் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருந்தது வெளியானது. தொலைவிலிருந்து உள்நுழையும்போது வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், அதைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். பரவலாக நிறுவப்படும் பதிப்புகளுக்குள் போய்ச் சேரும் முன்பே சிக்கியது. நிரல்வரிகளை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூலம் என்பதால் ஒருவரால் உள்ளே நுழைக்கவும் முடிந்தது, இன்னொருவரால் பார்த்துப் பிடிக்கவும் முடிந்தது. இரண்டையும் எழுத வேண்டும்.

விண்டோஸ் பக்கம், 2017 மே மாதம் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீம்பொருள். அது பயன்படுத்திய ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்டது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அதை நிறுவாத கணினிகள். ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட அவசரமாகத் திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் லேபுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இதுதான். இயங்குதளத்தின் பெயரைவிட, திருத்தம் தொடர்ந்து வருகிறதா, வந்ததை நிறுவுகிறோமா என்பதுதான் பெரிது.

அனுமதி முறையிலும் இதே மாதிரிதான். லினக்ஸில் மட்டும்தான் பயனர் கட்டுப்பாடு உண்டு என்று எழுதியிருந்தாள். என்டி கெர்னலில் தொடக்கத்திலிருந்தே விரிவான அனுமதி முறை இருக்கிறது. ஆனால் எக்ஸ்பி காலத்து வீடுகளில் எல்லோருமே நிர்வாகிக் கணக்கிலேயே உட்கார்ந்தார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடுதான் அனுமதி கேட்கும் பெட்டி வந்தது. உபுண்டுவில் மென்பொருள் நிறுவக் கடவுச்சொல் கேட்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள பழக்கம். ஆக, வேறுபாடு திறமையில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

காசு, காலம்

"இலவசம்" என்ற வரியையும் இந்தக் கணினிக்குப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். விண்டோஸ் 10க்கான விலை கணினி வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. இனி ஆகும் செலவு என்ன என்பதே கேள்வி. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களைக் கல்வி உரிமம் உள்ள நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்ற விலையில் வாங்கலாம். அதோடு முடிந்தது. உபுண்டு 24.04க்குப் பணமில்லாமல் 2029 வரை திருத்தம் வரும்.

மறுபக்கத் தட்டில் ஆசிரியரின் நேரம், பிரிண்டர் ஒத்துழைக்குமா என்ற கவலை, பிள்ளைகளின் பழக்கம். சி++ செய்முறைக்குப் பாடநூல் காட்டும் டெவ் சி++ விண்டோஸில் ஓடுவது. உபுண்டுவில் கோட்::பிளாக்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளை வைத்து அதே நிரல்களைப் போட்டுப் பார்த்தாள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஜிசிசி கம்பைலர் குடும்பமே என்பதால் விடைகள் ஒன்றாகவே வந்தன. பழைய டர்போ சி காலத்துத் தலைப்புக் கோப்புகளைச் சேர்த்திருந்த நிரல்கள் மட்டும் உபுண்டுவில் நின்றுபோயின. தமிழ்த் தட்டச்சில் சிரமமே இல்லை. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை உபுண்டுவில் அமைப்பிலேயே கிடைக்கிறது. விண்டோஸ் 10இலும் 2019 புதுப்பிப்பிலிருந்து இருக்கிறது.

"கடினம்" என்ற வரிக்குக் கேரளம் பதில் சொன்னது. அங்கே அரசுப் பள்ளிகளில் நீண்ட காலமாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட், உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் சொந்த வடிவத்தையே கொடுக்கிறது. நம் மாநிலத்தில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அதைத் திறந்தே பார்த்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினியும் அப்படித்தான் அலமாரியில் இருந்ததாம்.

கடைசி வடிவம்

அட்டவணை சுருங்கி அரைப் பக்கமாகிவிட்டது. அதில் ஒவ்வொரு வரியிலும் எப்படி அளந்தாள் என்பது உண்டு. முடிவுரையில், "இணையத்தில் இணைந்திருக்கும் கணினிகளை உபுண்டு 24.04க்கு மாற்றலாம். 4 ஜிபியை 8 ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் எந்த இயங்குதளமானாலும் நன்றாக ஓடும். பழைய நிரல்களுக்கும் பிரிண்டருக்கும் ஒரு கணினியை மட்டும், நீட்டிக்கப்பட்ட திருத்தத்தோடு, விண்டோஸ் 10இலேயே வைக்கலாம்" என்று எழுதினாள். முதல் வடிவத்தில் இருந்த "இரண்டும் சிறந்தவை" போய்விட்டது. ஒரு முடிவு எடுத்து, அதற்குக் காரணமும் கொடுத்திருந்தாள்.

இதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். சோதிக்காதவை என்று ஒரு சிறு பகுதியை அவளாகவே கடைசியில் சேர்த்திருந்தாள்: ராமைக் கூட்டினால் என்ன மாற்றம் வரும், லுபுண்டு எப்படி ஓடும், பிரிண்டர் உபுண்டுவில் அச்சிடுமா. கட்டுரையைத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். லுபுண்டு சோதனையை அடுத்த செய்முறை வகுப்பில் மொத்த வகுப்பும் சேர்ந்து செய்யப்போகிறது.